யார் கை என்று மட்டும் கேட்காதீர்கள்

(ஆவடியில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



2008 ஏப்ரல் 23ஆம் தேதி நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நாலு கைக்குழந்தைகள் செத்துப்போனார்கள். கச்சூர், பென்னாலூர்பேட்டைப் பக்கம். அன்றைக்கு அம்பத்தூரும் இதே மாவட்டம்தான். கைக்குழந்தையோடு இருந்த எங்க அக்கா, 'ஊசியே வேணாம்'னுட்டாள். அவளைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தட்டம்மை மருந்து தூளாக வரும். அதற்கென்று வரும் நீரில் கரைத்து, குளிரில் வைத்து, சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கணும். கிருமி புகுந்தால் விஷம். நீர் என்று நினைத்து வேறு மருந்தைக் கலந்தால் நிமிஷத்தில் உயிர் போகும். 2014இல் சிரியாவின் இத்லிப் பகுதியில் அப்படித்தான் தசைத்தளர்ச்சி மருந்தைக் கலந்து 15 குழந்தைகள் செத்தார்கள். 2018இல் சமோவா தீவிலும் மருந்து மாறி இரண்டு குழந்தைகள்.

ஆகவே விசாரணை என்றால் 'யார் கை போட்டது?' என்பதோடு முடிகிற சமாச்சாரம் அல்ல. காலிப் புட்டி எங்கே? தொகுதி எண் என்ன? குளிர்பெட்டியில் வேறென்ன மருந்து இருந்தது? எத்தனை மணிக்குக் கரைத்தார்கள்? குழந்தைக்கு மூச்சு முட்டியபோது டாக்டர் எங்கே? பிரேதப் பரிசோதனை அறிக்கை பெற்றவள் கைக்கு வந்ததா? செவிலியரை மட்டும் தண்டித்தால், ஒரே சாயல் புட்டிகளை ஒரே பெட்டியில் வைக்கிற ஏற்பாடு அப்படியே இருக்கும்.

அரசு என்ன செய்தது? கிராமத்துக்கு வந்து போட்ட ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றியது. டாக்டர் பக்கத்தில் இருப்பார், நியாயம்தான். ஆனால் அதன் செலவு யார் தலையில்? ஒருநாள் கூலியை விட்டுட்டு பஸ் ஏறுகிற சேரித் தாயின் தலையில். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் முழுத் தடுப்பூசி பெற்ற தமிழ்நாட்டுக் குழந்தைகள் 2005-06இல் நூற்றுக்கு 81, 2015-16இல் 70. இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். பிறகு எண்ணிக்கை ஏறவும் செய்தது. ஆனால் சமோவாவைப் பாருங்கள். செவிலியர் இருவர் சிறைக்குப் போனார்கள், ஊசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது, சனங்களுக்கு நம்பிக்கை போச்சு. 2019இல் தட்டம்மை வந்து 83 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலும் சின்னக் குழந்தைகள்.

ஊசியை எதிர்ப்பது நம் வேலை இல்லை. ஊசியும் வேணும், கணக்கும் வேணும். அறிக்கை தாய்க்குப் புரிகிற தமிழில் அவள் கைக்கு வரணும்.

எங்க அக்கா நாலு மாசம் கழித்துப் போனாள். போடுவதற்கு முன்னால் புட்டியைக் காட்டச் சொன்னாள். செவிலியர் கோபிக்கவில்லை, தேதியைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போட்டார். அந்தக் கேள்வியை ஒவ்வொரு தாயும் பயமில்லாமல் கேட்கணும், தோழர்களே.