‘ஆம்’ என்னும் இடைச்சொல்லும் அவசரத் தீர்ப்பும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வானம் பார்த்த பூமியில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தழைத்து நிற்பது எளிய செயலன்று. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மழை பொய்த்த ஆண்டுகள் பல உண்டு. இவ்வட்டத்தின் கூட்டம் பொய்த்ததில்லை. விழா நாளில் வாழ்த்திப் பேசி அமர்வது மரபு. ஆயினும், சொல்லையே கருவியாகக் கொண்டோர் கூடியிருக்கும் அவையில், சொல்லைப் பற்றிய ஒரு கவலையைப் பகிர்ந்துகொள்வது வாழ்த்தினும் பயனுடையது என்று கருதுகிறேன். ஒரு செய்தி வந்தவுடன் ஓர் இனத்தின் மீது, ஒரு மொழியினர் மீது, ஒரு சாதியின் மீது தீர்ப்பு எழுதிவிடும் விரைவு நம் காலத்தில் பெருகியிருக்கிறது. அவ்விரைவில் சொல்லுக்கு உள்ள பங்கு யாது என்பதே என் உரையின் பொருள்.

காட்சியும் கேள்வியும்

நம் ஊர்த் திண்ணையில் பேசும் மூதாட்டியரின் பேச்சை உற்றுக் கேளுங்கள். தாம் கண்டதை ‘வந்தான்’ என்பர். பிறர் சொல்லக் கேட்டதை ‘வந்தானாம்’ என்பர். எழுத்தறியாதவரும் இவ்வேறுபாட்டைப் பிழையாமல் காப்பர். இந்த ‘ஆம்’ மிகச் சிறிய உறுப்புத்தான். ஆயினும், ‘இதற்கு நான் சாட்சி அல்லேன், நீயே ஆராய்ந்துகொள்’ என்னும் நேர்மை அதனுள் அடங்கியிருக்கிறது. தொல்காப்பியரும் முன்னோர் கூற்றை உரைக்குமிடத்து ‘என்ப’ என்றும் ‘என்மனார்’ என்றும் குறித்தே செல்கிறார். பேரறிஞரின் நூலும் பாட்டியின் பேச்சும் ஒரே ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்கின்றன.

மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். அவற்றுள் ஒன்று ஐதிகம். அதாவது, உலகோர் வழிவழியாகச் சொல்லிவருவது. அதற்குச் சாத்தனார் காட்டும் சான்று, ‘இந்த மரத்தில் பேய் உண்டு’ என்னும் பேச்சு. அறவண அடிகளோ பின்னர்க் காட்சி, கருத்து என்னும் இரண்டை மட்டுமே அளவைகளாகக் கொள்கிறார். மரத்துப் பேய் அங்கே இடம் இழக்கிறது. ஊரார் சொல்வது ஆராயத்தக்க செய்தியே அன்றி ஆராய்ந்து கண்ட முடிவு அன்று என்னும் தெளிவு அன்றே நம்மிடம் இருந்தது.

சிலம்பு காட்டும் படிநிலைகள்

அவசரத் தீர்ப்பு எவ்வாறு உருவாகிறது என்பதைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை போலப் படிப்படியாகக் காட்டும் பகுதி வேறொன்று அரிது. பாண்டியன் முறையின்றித் தீர்ப்பளித்தான் என்று கூறி நாம் கடந்துவிடுகிறோம். அரசனுக்கும் கொலைக்கும் இடையே நிகழ்ந்தவற்றை மீண்டும் நோக்க வேண்டும்.

முதற்கண், பொய்ச் செய்தியைக் கொண்டுவருபவன் அதனால் பயன்பெறுபவன். சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே அவன். இரண்டாவதாக, கேட்பவன் வேறொரு மனக்கலக்கத்தில் இருக்கிறான். ஊடிச் சென்ற தேவியைத் தணிவிக்க விரையும் அரசன் அவன். மூன்றாவது படியே முதன்மையானது. காவலர் கோவலனைக் கண்டதும் ஐயுறுகின்றனர். இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று ஒருவர் கூறவும் செய்கிறார். ஐயம் அங்கே பிறந்துவிட்டது. அதனைப் பொற்கொல்லன் எதனால் கொன்றான்? கோவலனைப் பற்றி அவன் ஒரு சான்றும் தரவில்லை. கள்வர் என்னும் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து என அவர்தம் துணைகள் எட்டை அடுக்குகிறான். வேறொரு கள்வனின் கதையைச் சொல்கிறான். அதைக் கேட்ட இளங்காவலன் ஒருவன் தானறிந்த அச்சக் கதையைச் சேர்க்கிறான். கதைகள் பெருகப் பெருக, எதிரே நிற்கும் மனிதன் மறைந்து போகிறான். இறுதியில் கல்லாத களிமகன் ஒருவன் வாளை எறிகிறான்.

கோவலன் மதுரைக்கு அயலான்; பிழைப்புத் தேடிப் புகாரிலிருந்து வந்தவன். அவனுக்காகப் பேச ஆள் இல்லை. உண்மையை அறியும் வழியோ மிக அருகில் இருந்தது. தேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் போதும். உடைத்துப் பார்த்தது கொலைக்குப் பின்னரே.

2023ஆம் ஆண்டின் இரு செய்திகள்

இவை பழங்கதையா? 2023 சனவரியில் திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் தமிழரைத் துரத்துவதாக ஒரு காணொளி பரவியது. ‘வந்தேறிகள் தமிழரை அடிக்கிறார்கள்’ என்னும் கூக்குரல் எழுந்தது. தேநீர்க் கடை அருகே புகைபிடித்தது தொடர்பாக எழுந்த தகராறு அது என்று காவல்துறை விளக்கியது. இரு தனிக் குழுவினரின் சண்டை, இரு இனங்களின் போராகப் பெயர்சூட்டப்பெற்றிருந்தது.

அடுத்த மார்ச்சுத் திங்களின் தொடக்கத்தில் இதே நாடகம் திசைமாறி அரங்கேறியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்று வடநாட்டில் காணொளிகள் பரவின. நாளிதழ்களும் அச்செய்தியை ஏந்தின. அந்நாளைய பீகார்த் துணை முதலமைச்சர் மார்ச்சு 1 அன்று சென்னையில் தமிழக முதலமைச்சரின் பிறந்தநாள் விழாவில் பங்கேற்றிருந்தார். ஆகவே பீகார்ச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியினருக்கு அது வாய்ப்பான கருவியாயிற்று. அந்நாளைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு, பரவிய காணொளிகள் இரண்டும் தவறானவை என்று அறிவித்தார். ஒன்று பீகார்த் தொழிலாளர் இரு பிரிவினரிடையே திருப்பூரில் முன்பு நடந்த மோதல். மற்றொன்று கோவையில் உள்ளூர் மக்களிடையே நடந்த மோதல். ஹோலிப் பண்டிகைக்கு ஊர் செல்லத் தொடர்வண்டி நிலையங்களில் கூடியோரும் ‘அஞ்சி ஓடுவோர்’ ஆயினர். பீகாரிலிருந்து நால்வர் குழு வந்து தொழிலாளரை நேரில் கண்டு தெளிந்து சென்றது. இந்தி பேசியதற்காகப் பன்னிருவர் கொல்லப்பட்டனர் என்று எழுதிய கட்சிச் செய்தித் தொடர்பாளர் ஒருவரை, மன்னிப்புக் கேட்குமாறு உச்ச நீதிமன்றம் ஏப்பிரலில் பணித்தது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. காணொளியில் இருந்த அடி உண்மை, குருதியும் உண்மை. அடித்தவர் யார், அடிபட்டவர் யார், எப்பொழுது என்பவற்றில்தான் பொய் புகுந்தது. ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று நம் மக்கள் சொல்லிவைத்ததன் முழுப்பொருள் காணொளிக் காலத்தில்தான் விளங்குகிறது.

பொய்யை அரசு கண்டித்தது சரியே. ஆயினும் இதில் கைதான வலையொளிக்காரர் ஒருவர் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஏவியது. அந்தத் தடுப்புக்காவல் ஆணையை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நவம்பரில் நீக்கியது. பொய்யைத் தண்டிப்பதிலும் நிதானம் வேண்டும் என்பதற்கு இதுவும் சான்று.

இப்பொய்களால் உயிர் போகாது என்று எண்ணிவிட வேண்டா. 2018இல் குழந்தைகளைக் கடத்த வடநாட்டார் வந்திருக்கின்றனர் என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியே பரவியது. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு நின்ற ஒரு குடும்பத்தை ஊரார் சூழ்ந்தனர். குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததே அவர்தம் குற்றம். அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் அடித்தே கொல்லப்பட்டார். அவர் வடநாட்டவர் அல்லர். சென்னையிலிருந்து வந்த தமிழ்ப் பெண். அயலார் மீது ஏவிய வாள் அயலாரை மட்டும் தேடிச் செல்வதில்லை. அவ்வாண்டு இந்தியா முழுவதும் சுற்றிய காணொளிகளுள் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பித் தரும் இறுதிப் பகுதியை வெட்டிவிட்டே அதனைப் பரப்பினர்.

‘போல’ மறைந்த இடம்

செல்வமும் கல்வியும் மிக்க நாடுகளில் இவ்விழிவு இராது என்று கருதுவோர் அமெரிக்காவை நோக்கலாம். 1989 ஏப்பிரலில் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் வெள்ளையினப் பெண் ஒருவர் கொடிய வன்முறைக்கு ஆளானார். கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க மரபினருமாகிய, 14 முதல் 16 அகவை வரையுள்ள ஐந்து சிறுவர்கள் குற்றஞ்சாட்டப்பெற்றனர். வழக்கு மன்றத்திற்குச் செல்லும் முன்னரே செய்தித்தாள்கள் அவர்களை ‘ஓநாய்க் கூட்டம்’ என்றன. பின்னாளில் அதிபரான டொனால்டு டிரம்ப், மரண தண்டனையை மீட்டுக் கொண்டுவர வேண்டும் என்று மே முதல் நாளில் நான்கு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் செய்தார். சிறுவர்கள் தண்டிக்கப்பட்டனர். 2002இல் உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டான், மரபணுச் சோதனையும் அதனை உறுதி செய்தது, தீர்ப்புகள் நீக்கப்பட்டன. 2014இல் நகராட்சி 4 கோடியே 10 இலட்சம் டாலர் இழப்பீடு தந்தது. இளமையைத் தர இயலவில்லை.

‘ஓநாய்க் கூட்டம்’ என்பதைப் பாவலர்கள் நின்று நோக்க வேண்டும். ‘ஓநாய் போல’ என்றால் அது உவமை. சொல்பவன் ஒருவன் இருக்கிறான், ஒப்புமை அவனுடையது என்பது தெரியும். ‘போல’ நீங்கினால் உருவகம். மனிதனே ஓநாய் ஆகிவிடுகிறான். கவிதையில் இது அணி. குற்றச்சாட்டில் இது தீர்ப்பு. நம் கைவினையை அங்கே வேறொருவர் கையாண்டிருக்கிறார்.

நல்லெண்ணம் உடையோரும் இதற்கு விலக்கல்லர். 2019 சனவரியில் வாசிங்டனில், பழங்குடி முதியவர் ஒருவரின் எதிரே புன்முறுவலுடன் நிற்கும் வெள்ளையின மாணவனின் சிறு காணொளி வெளிவந்தது. இனவெறிக்கு எதிரானோர் பலர் அன்றே அவனைப் பழித்து எழுதினர். நீண்ட பதிவுகள் வெளிவந்தபின், மூன்றாவது ஒரு குழு முன்பே வசைமொழி பொழிந்து கொண்டிருந்ததும், முதியவரே அவர்களிடையே நடந்து வந்ததும் தெரிந்தன. பெரிய ஊடகங்கள் சில வழக்கில் சமரசம் செய்துகொண்டன. அநீதிக்கு எதிரான சினம் உயர்ந்ததே. ஆனால் உயர்ந்த சினமும் சான்றுக்கு ஈடாகாது.

நம் மண்ணில் உருவகம் சட்டமாகவே ஆனது. ஆங்கிலேயர் 1871இல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று சமூகங்கள் முழுமையும் பதிவு செய்யப்பெற்றன. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்பிரல் 3 அன்று, கைரேகைப் பதிவை எதிர்த்தோர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பெண் ஒருவர் உட்படப் பலர் மாண்டனர். 1947இல்தான் இம்மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. பொற்கொல்லன் காவலரிடம் சொன்ன கதையை ஓர் அரசே சட்டப் புத்தகத்தில் எழுதியது என்பதன்றி இது வேறில்லை.

அயலார் என்னும் பட்டத்தைத் தமிழரும் சுமந்தவரே. 1960களில் பம்பாயில் பால் தாக்கரே நடத்திய ‘மார்மிக்’ இதழ், அலுவலகங்களில் பணியாற்றிய தென்னாட்டார் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. பெயர்கள் பொய்யல்ல, அவற்றை அடுக்கிய நோக்கமே நஞ்சு. 1966இல் சிவசேனை தோன்றியது. தென்னாட்டார் கடைகளும் உணவகங்களும் தாக்குண்டன. தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காகச் சென்றோர் அதனைக் கண்டனர். இன்று நம் வட்டாரத்து ஆலைகளிலும் கட்டடப் பணிகளிலும் இந்தி பேசும் இளைஞனைக் காணும்போது, பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்த நம் முன்னோரின் முகத்தையும் உடன் காண வேண்டும்.

பாவலர் கடன்

பாவலர்க்கு இதில் என்ன கடமை? மூன்றினைப் பணிவுடன் கூற விழைகிறேன்.

ஒன்று, முதல் நாள் செய்திக்கு முதல் நாளே கவிதை எழுத வேண்டியதில்லை. செய்தியாளருக்குக் காலக்கெடு உண்டு, கவிஞருக்கு இல்லை. இது நமக்கு வாய்த்த பேறு; அதனை நாமே இழத்தல் ஆகாது. கொடுமை உறுதியான பின்னும் மௌனமாய் இருங்கள் என்று நான் கூறவில்லை. உறுதியான பின் எழுதும் சினமே நிலைத்து நிற்கும்.

இரண்டு, ஒரு மனிதனின் செயலுக்கு அவன் கூட்டத்தின் பெயரைச் சூட்டாதிருத்தல். ‘ஒருவன் அடித்தான்’ என்பதற்கும் ‘அவர்கள் அடிக்கிறார்கள்’ என்பதற்கும் இடையே எண்ணும் காலமும் மட்டும் மாறவில்லை. ஒரு குற்றம் ஓர் இனத்தின் இயல்பாகிவிடுகிறது. பன்மை விகுதியைக் கையாளும்போது கை நடுங்க வேண்டும்.

மூன்று, திருத்தத்தையும் பாடுதல். பொய் பரவும்போது ஆயிரம் பேர் பேசுகின்றனர். உண்மை வெளிவரும்போது ஊர் உறங்கிவிடுகிறது. அத்திமூரில் வழி கேட்டு நின்ற அம்மையாருக்காக நம் கவியரங்குகளில் எத்தனை பாடல்கள் ஒலித்தன? கோவலன் கொலைக்குப் பின் இளங்கோவடிகள் எழுதியது திருத்தமே. அந்தத் திருத்தம் நம் மொழியின் பெருங்காப்பியம் ஆயிற்று.

அடுத்த வதந்தி எந்த ஊருக்கு வரும் என்பது யாருக்கும் தெரியாது. மல்லாங்கிணற்றுக்கு அது வரும் நாளில், ‘அவன் பிள்ளை பிடிக்க வந்தான்’ என்று ஊர் கூவும்போது, ‘வந்தானா, வந்தானாமா?’ என்று கேட்க இவ்வட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். காவலருள் ஒருவருக்கு அன்று ஐயம் பிறந்தது. கதைகளுக்கு முன் அவர் வாயடைத்துப் போனார். வாயடைத்துப் போகாத ஒருவரை உருவாக்கினால், இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணி நிறைவுற்றதாகும்.