எரியாத இண்டிகேட்டர்
(நமது நலச்சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, லிஃப்ட் தவிர வேறு ஏதாவது பேசுங்கள் என்றார் செயலாளர். நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் இரண்டு அம்பாசடரும் ஒரு பிரீமியர் பத்மினியும் நிற்கின்றன. அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. பத்மினி அதற்கும் முன்பே. ஆனாலும் இவை மூன்றும் ரோட்டில் ஓடுகிற வண்டிகள். மெட்ரோ தூண்களுக்கு நடுவே யூ-டர்ன் எடுக்கும்போது பின்னால் வருகிற பைக்காரருக்கு நம் மனதில் இருப்பது எப்படித் தெரியும்? அதனால் இண்டிகேட்டர் பற்றிப் பேசுகிறேன். நான் மெக்கானிக் இல்லை, பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதியவன். இந்த வேலைக்கு அந்தப் பழக்கமே பாதி உதவி செய்கிறது.

பி பிளாக் நண்பரின் அம்பாசடரில் இடது பக்கம் போட்டால் முன் பல்பு எரிந்தபடியே நிற்கும், துடிக்காது. பின் பல்பு மங்கல். ஃபிளாஷர் போய்விட்டது என்று புதிதாக வாங்கிப் போட்டார்கள். அதே கதை. அடுத்து, வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்றார் ஒரு மெக்கானிக். டிரையல் பேலன்ஸ் இடித்தால் லெட்ஜர் முழுவதையும் யாராவது திருப்பி எழுதுவார்களா?

பழைய ஃபிளாஷருக்குள் இருப்பது ஒரு சின்ன உலோகப் பட்டை. கரண்ட் ஓடினால் அது சூடாகி வளைந்து இணைப்பை விடும், ஆறினால் மறுபடி தொடும். அதுதான் 'டிக் டிக்' சத்தம். பட்டை சூடாகக் குறிப்பிட்ட அளவு கரண்ட் வேண்டும். 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஒன்றுக்கு 1.75 ஆம்பியர், முன்னும் பின்னும் சேர்ந்தால் மூன்றரை. ஒரு பல்பு ஃபியூஸ் ஆனாலோ, சரியாகக் கரண்ட் எடுக்காவிட்டாலோ பட்டை போதிய அளவு சூடாகாது. துடிப்பு மந்தமாகும், அல்லது நின்றே போகும். அதாவது, வலது பக்கம் ஒழுங்காகத் துடித்து இடது மட்டும் துடிக்கவில்லை என்றால் ஃபிளாஷர் மேல் பழி இல்லை. இரண்டு பக்கத்துக்கும் அதே ஃபிளாஷர்தானே! இரண்டு பக்கமும் போயிருந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது சரி என்றால் ஃபிளாஷரில் பி, எல் என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, இண்டிகேட்டரைப் போடுங்கள். பல்புகள் துடிக்காமல் நன்றாக எரிந்தால் அப்போது ஃபிளாஷரை மாற்றலாம்.

நண்பர் வண்டியில் அப்படி இணைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுத்தோம். பின் பல்புக்குப் போகிற வயரில் 12 வோல்ட் குறையாமல் வந்தது. பற்று சரி, வரவு எங்கே? போன கரண்ட் வண்டியின் உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அதைத்தான் எர்த் என்கிறோம். பல்பு எரியும்போதே ஹோல்டருக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் மீட்டர் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். காட்டியது நாலு வோல்ட்டுக்கு மேல். ஹோல்டரிலிருந்து பேட்டரிக்குத் தனியாக ஒரு வயர் இழுத்துப் பிடித்ததும் பல்பு பளிச்சென்றது. ஹோல்டரைப் பிடித்திருந்த ஸ்க்ரூவைச் சுற்றி மழைத் தண்ணீர் இறங்கித் துரு. அதற்கு மேல் யாரோ பெயிண்ட் வேறு அடித்திருக்கிறார்கள். உப்புத்தாளால் தேய்த்து, புது ஸ்க்ரூ போட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவினோம். செலவு ஒரு டீ காசு.

எர்த் கெட்டதற்கு இன்னொரு அடையாளம் உண்டு. இண்டிகேட்டர் போடும்போது, போடாத பார்க்கிங் விளக்கும் சேர்ந்து மங்கலாகத் துடிக்கும். நேர்வழி அடைபட்ட கரண்ட் பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கிறது. மீட்டரே வேண்டாம், இரவில் சுவரோரம் நிறுத்திப் பார்த்தாலே தெரியும்.

எல்.இ.டி. பல்பு போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது எடுக்கிற கரண்டுக்குப் பழைய ஃபிளாஷர் அசையாது. அதற்கேற்ற எலக்ட்ரானிக் ஃபிளாஷரும் சேர்த்து மாற்ற வேண்டும்.

சங்கத்தின் சார்பில் கேட்பது ஒன்று உண்டு. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றி வைக்கிற பழக்கம் இங்கேயும் இருக்கிறது. பார்த்தேன். ஃபியூஸ் போவது எங்கோ ஒரு வயர் தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது என்பதால். கம்பி வைத்தால் ஃபியூஸ் உருகாது, அந்த வயர் உருகும். நம் பார்க்கிங்கில் பக்கத்திலேயே முப்பது டூவீலர், பின்சுவரில் ஈ.பி. மீட்டர் போர்டு, அதற்கு மேலே முதல் மாடிப் படுக்கையறைகள். யார் வண்டி என்று இங்கே சொல்ல மாட்டேன். இந்த வாரமே சரியான ஆம்பியர் ஃபியூஸ் வாங்கிப் போட்டுவிடுங்கள். அதுவரை நிறுத்தும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள்.

ஞாயிறு காலை 7 மணிக்கு மீட்டரோடு கீழே இருப்பேன். மூன்று வண்டிக்காரர்களும் வரலாம். பூந்தமல்லி ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியவர் முதலில் வரட்டும்.