பாறையில் உள்ளதும் கைக்கு வருவதும்



டாடாநகரிலிருந்து ஹௌராவுக்கு ரயிலில் செல்லும் தமிழன்பர்கள் வழியில் காட்சிலா என்னும் நிலையத்தைக் கண்டிருப்பர். சுவர்ணரேகை ஆற்றங்கரையிலுள்ள அவ்வூரைச் சூழ்ந்த குன்றுகளில் செம்புத் தாது உண்டு. செம்பும் இரும்பும் கந்தகத்தோடு கூடிய சல்பைடுத் தாது அது. சிறிதளவு நிக்கலும் அதில் கலந்துள்ளது. இத்தகைய தாது ஓரிடத்தில் கண்டறியப்பட்டதெனச் செய்தி வந்தால், தம் வட்டாரம் இனிச் செழிக்குமென மக்கள் மகிழ்வது இயல்பு. அம்மகிழ்ச்சிக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள.

நாம் சுரங்கத்தொழில் கற்றவரல்லோம். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசாங்கத்தின் மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருப்பவர். முன்பு நிலவியல் அறிக்கை ஒன்றைத் தமிழாக்கியபோது, இரு வேறு ஆங்கிலச் சொற்களுக்கும் 'இருப்பு' என்றே எழுதிவிட்டோம். அதைப் பார்வையிட்ட வல்லுநர், ஒரு சொல் பாறையில் உள்ளதைக் குறிப்பது, மற்றது ஊதியத்தோடு வெட்டியெடுக்கக் கூடியதைக் குறிப்பது என விளக்கினார். நாம் வெட்கமுற்றோம். அன்றுமுதல் முன்னதை 'வளம்' என்றும், பின்னதை மட்டுமே 'இருப்பு' என்றும் எழுதி வருகிறோம்.

வளம் இருப்பாவது எவ்வாறு? பாறையை ஆழத் துளைத்து, உருளை வடிவான மாதிரிகளை எடுத்துச் சோதிப்பர். நூற்றுக்கு ஒரு பங்கு செம்பு எனின், ஒரு டன் பாறையில் 10 கிலோ. பாறையைப் பொடித்து, நீரில் நுரையெழுப்பித் தாதுத் துகள்களை மிதக்கவிட்டுப் பிரிக்கையில், பத்தில் ஒரு பங்கு கழிவோடு போயிற்றெனக் கொள்வோம். மிஞ்சுவது 9 கிலோ. அந்த 9 கிலோவுக்காக ஒரு டன் முழுவதையும் வெட்ட வேண்டும், மேலேற்ற வேண்டும், மாவாகப் பொடிக்க வேண்டும். கழிவிலுள்ள சல்பைடு காற்றோடும் மழைநீரோடும் கூடி அமிலமாகி வயல்களில் இறங்காதபடி காக்கவும் வேண்டும். இக்கடைசிச் செலவைக் கணக்கில் சேர்க்க மறப்போர் பலர்.

நிக்கலோ இன்னும் ஏமாற்றுவது. வேதியியற் சோதனை பாறையிலுள்ள நிக்கல் முழுவதையும் காட்டிவிடும். ஆனால் பென்ட்லண்டைட்டு போன்ற சல்பைடுகளில் உள்ள நிக்கலே நுரையில் மிதந்து வரும். ஆலிவின் முதலிய சிலிக்கேட்டுக் கனிமங்களுள் சிறைப்பட்டது கழிவோடு சென்றுவிடும். ஆகவே ஒரே சதவிகிதம் காட்டும் இரு பாறைகளுள் ஒன்று செல்வமாகவும் மற்றது வெறுங்கல்லாகவும் இருக்கக்கூடும்.

கனடாவில் 1883-இல் ரயில் பாதைக்காகப் பாறையைத் தகர்த்தபோது சட்பரியின் தாது வெளிப்பட்டது. செம்பென்று கருதியே வெட்டத் தொடங்கினர். உடன்வந்த நிக்கலைப் பிரிக்க வகையறியாது இடர்ப்பட்டனர். பிரிக்கும் முறை கைவந்து, போர்க்கப்பல்களின் கவச எஃகுக்கு நிக்கல் தேவைப்பட்ட பின்னரே சட்பரி உலகப் புகழ் எய்தியது. பாறை என்னவோ பழைய பாறைதான்.

காட்சிலாவின் கதை வேறு. அங்குள்ள ஆலையில் செம்பை மின்சாரத்தால் தூய்மை செய்தபின் எஞ்சிய கரைசலிலிருந்து நிக்கல் சல்பேட்டும் எடுத்தனர். எனினும் அத்துணை வருவாய் போதவில்லை. 1990-களிலும் அதனை அடுத்தும் மூசாபனி வட்டாரச் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. தாது தீர்ந்துவிடவில்லை, வெட்டும் செலவுக்கு விலை ஈடுகொடுக்கவில்லை. சுரங்கத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பிழைப்பிழந்தன. நமது ஏட்டில் 'இருப்பு' என்றிருந்தது மீண்டும் 'வளம்' ஆயிற்று.