ஐந்தொகை காட்டுவதென்ன?
(மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கடை நிறையச் சரக்கிருந்தால் முதலாளி பெரும் பணக்காரர் என்று எண்ணுவது நம்மவர் வழக்கம். அதை நம்பியே பிணைக் கையொப்பம் இடுகின்றோம். சீட்டெடுத்த காசையும் கைமாற்றாகக் கொடுக்கின்றோம். கடையை மட்டும் பாராது அதன் ஐந்தொகையையும் பார்க்கவேண்டும் என்பதே எனது பேச்சின் சாரம்.

ஐந்தொகை, குறித்த ஒரு நாளில் வியாபாரம் இருந்த நிலையைக் காட்டுவது. ஒருபுறம் சொத்துக்கள், மறுபுறம் பொறுப்புக்களும் உரிமையாளரின் மூலதனமும். இருபுறமும் எப்போதும் சமன்படும். அதனால் வியாபாரம் செழிக்கின்றது என்பது பொருளன்று. சொத்து யாருடைய பணத்தால் வந்தது என்பதையே அது சொல்லுகின்றது.

ஒரு கடையைக் கற்பனை செய்வோம். கட்டடம் 40 இலட்சம், சரக்கு 12 இலட்சம், வரவேண்டிய கடன் 7 இலட்சம், கையிலுள்ள காசு 1 இலட்சம்; மொத்தச் சொத்து 60 இலட்சம். மறுபுறம் மூலதனம் 25 இலட்சம், வங்கியின் நீண்டகாலக் கடன் 10 இலட்சம், இம்மாதமே கொடுத்துத் தீர்க்கவேண்டியது 25 இலட்சம். சரக்கு முழுவதும் விற்று, கடனெல்லாம் வசூலாகினும் கையில் சேர்வது 20 இலட்சமே! கட்டடத்தின் ஒரு சுவரைப் பெயர்த்துக் கடன்காரருக்குக் கொடுக்க முடியுமா? சொத்துள்ள கடையும் காசில்லாமற் பூட்டப்படுவது இவ்வாறுதான்.

இன்னொன்று. ஐந்தொகை ஒரு நாளின் படம். படமெடுக்கும் நாளில் முகத்தைக் கழுவிக்கொள்வாரும் உளர். அமெரிக்காவின் லீமன் பிரதர்ஸ் வங்கி, காலாண்டு முடிவில் கடன் வாங்கியதை விற்பனையாகக் காட்டி, சில நாட்களின் பின் பழைய நிலைக்கே திரும்பியது. 2008ஆம் ஆண்டின் இரண்டாங் காலாண்டில் இவ்வாறு மறைந்தது ஏறக்குறைய 5,000 கோடி டொலர். அவ்வாண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் அவ்வங்கி முறிந்தது. ஆகவே, ஓராண்டு ஐந்தொகை போதாது; பல ஆண்டுகளினதையும் ஒப்பிடுதல் வேண்டும்.

அன்பர்களே, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நமது மன்றக் கணக்கு வாசிக்கப்படும்போது, "ஏகமனதாக ஏற்கின்றோம்" என்று உடனே கையுயர்த்துகின்றோம். இனிமேல், "கொடுக்கவேண்டியது எவ்வளவு? எப்போது?" என்று கேட்டபின் உயர்த்துவோம். கேட்பது அவமரியாதையன்று, பொருளாளருக்கு அதுவே பாதுகாப்பு.