கொல்லிப்பாவையை வனைந்த பலர்



பலர் கூடி ஒரு கற்பனை உலகைச் சமைத்து, அதற்கு மலையும் ஆறும் அரச பரம்பரையும் வகுத்து, ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் கதையை எடுத்துச் சொல்லும் வழக்கம் இன்று இளைஞரிடையே பெருகி வருகிறது. இங்கிலாந்தில் சார்லட் பிரான்ட்டே அம்மையாரும் உடன்பிறந்தார் மூவரும், 1826-ல் தந்தையார் வாங்கிவந்த மரச் சிப்பாய்களைக் கொண்டு இவ்வாறே ராஜ்யங்களைச் சிருஷ்டித்தனர். ஆயினும், இக்கலைக்கு உதாரணம் தேடி நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இந்தச் சேந்தமங்கலத்துக்கு மேலே எழுந்து நிற்கும் கொல்லிமலையை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

சங்க நூலாகிய குறுந்தொகையிலே, அம்மலையில் உள்ளதாகச் சொல்லப்படும் அழகிய பெண்ணுருவமாகிய கொல்லிப்பாவையைப் பாடும் கபிலர், அம்மலையை வல்வில் ஓரி என்னும் குறுநில மன்னனின் உடைமையாகக் காட்டுகிறார். அதே நூலில் பரணரோ, அது சேரன் பொறையனுடைய மலை என்றும், பாவையைத் தெய்வமே அங்கு எழுதிவைத்தது என்றும் பாடுகிறார். இவை முரணல்லவா என்று நாம் மயங்கும் வேளையில், அகநானூற்றிலே கல்லாடனார் வந்து, மலையமான் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்த செய்தியைச் சொல்ல, முன்னிருவர் வாக்கும் ஒரே கதையின் இரு காலங்களாகப் பொருந்திவிடுகின்றன. காற்று மோதினும், இடி விழினும், நிலமே நடுங்கினும் எழில் குன்றாதவள் அப்பாவை என்ற அமானுஷ்ய குணத்தை நற்றிணை சேர்க்கிறது. ஒருவர் நாட்டியதை மற்றவர் பிடுங்கி எறியவில்லை. அதற்குக் கட்டுப்பட்டே தம் பங்கை அளித்தனர். இந்த விநயமே அக்கற்பனையை ஸ்திரப்படுத்தியது என்பது என் திடமான எண்ணம்.

அப்புலவர்களுக்கு அவள் தலைவியின் அழகுக்கு உவமை. பகைவரைச் சிரித்து மயக்கி உயிர் கவரும் காவல் பாவையாக அவளை வளர்த்தவர்கள், பின்வந்த தலைமுறையினர். இன்று மலைமீது எட்டுக்கை அம்மனாக வணங்கப்படுபவள் அவளே என்பது இவ்வட்டாரத்து மக்களின் நம்பிக்கை. உவமையாகத் தோன்றியவள் தெய்வமாகிவிட்டாள். எத்தனை அற்புதமான வளர்ச்சி!

அன்பர்களே, ஆடியில் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறோம், மிகவும் நல்லது. அதனோடு, மலையிலும் அடிவாரத்திலும் மூதாட்டியர் இன்றும் சொல்லும் பாவைக் கதைகளை, எது மெய் என்று தீர்ப்புக் கூறி மற்றவற்றைத் தள்ளிவிடாமல், சொன்னவர் சொன்னபடியே எழுதி இவ்வூர் நூலகத்தில் சேர்க்கும் பணியை இளைஞர்கள் இவ்வாண்டே தொடங்க வேண்டுமென்று இச்சபையைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.