பழைய மென்பொருளும் புதிய கணினியும்



பணங்கொடுத்து வாங்கிய மென்பொருள் என்றும் நம்முடையதே என எண்ணுகிறோம். கணினியை மாற்றும் நாளில் அவ்வெண்ணம் சோதனைக்குள்ளாகிறது.

கணினியின் மூளையாகிய நுண்செயலிகளில் ஒவ்வோர் இனத்துக்கும் தனிமொழி உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் பவர்பிசி நுண்செயலியைக் கைவிட்டு இன்டெல்லுக்கு மாறியபோது, பழைய மென்பொருள்களை இயக்குதற்கு ரொசெற்றா என்னும் மொழிபெயர்ப்பானையும் உடன் வழங்கிற்று. 2011இல் வெளிவந்த லயன் இயங்குதளத்தில் அது நீக்கப்பட்டது. வீட்டுக் கணக்கெழுத உதவிய குவிக்கன் 2007 அத்தளத்தில் இயங்கவில்லை. பலருடைய பல்லாண்டுக் கணக்குகள் அதனுள்ளே இருந்தன. லயனில் இயங்கும் பதிப்பு 2012இலேயே வந்தது. 2020இல் ஆப்பிள் மீண்டும் நுண்செயலியை மாற்றிற்று; இரண்டாவது ரொசெற்றாவும் வந்தது.

மற்றொரு தடை உரிமம். பல மென்பொருள்கள் தம் உரிமத்தை நிறுவப்பட்ட கணினியின் அடையாளத்தோடு பிணைத்துவிடுகின்றன. கோப்புகளைப் பிரதிசெய்வதனால் மட்டும் உரிமம் உடன் வந்துவிடாது. அதனைச் சரிபார்க்கும் சேவையகம் மூடப்பட்டிருப்பின், பற்றுச்சீட்டைக் காட்டியும் பயனில்லை.

ஆதலின், பழைய கணினி இயங்கும்போதே அதிலுள்ள உரிமத்தை விடுவித்தல் வேண்டும். உரிம எண்ணையும் நிறுவற் கோப்பையும் தனியே பேணுதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் கணக்குகளையும் எழுத்துகளையும் பிற மென்பொருள்களும் திறக்கவல்ல வடிவில் சேமித்தல் வேண்டும். மென்பொருளை மீண்டும் விலைக்கு வாங்கலாம். இழந்த கணக்குகளை எங்கும் வாங்க இயலாது.