உதவிப் பணத்தில் எதை வாங்குவது?
(தஞ்சோங் மாலிம் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சம்பள விவகாரம் அன்று. ஒரு நூறு வெள்ளியின் விவகாரம். 18 வயது நிரம்பிய மலேசியர் ஒவ்வொருவருக்கும், 2025 ஆகஸ்டு 31 முதல் அவ்வாண்டு முடிவதற்குள் செலவிடும்படி, சாரா திட்டத்தின்கீழ் அரசாங்கம் 100 வெள்ளி வழங்கிற்று. வறியோர் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கோ 2024 முதலே மாதந்தோறும் இவ்வகை உதவி வந்துகொண்டிருந்தது. இந்தப் பணம் கையில் வராது, மைகார்டில் ஏறும். பதிவு பெற்ற கடையில் அட்டையைக் காட்டி அரிசி, முட்டை, ரொட்டி, எண்ணெய், மாவு, மருந்து, சவர்க்காரம், பள்ளிச் சாமான் என்று, தொடக்கத்தில் 14 வகையாகக் குறித்த சரக்குகளை மட்டுமே வாங்கலாம்.

உதவி வேண்டாமென்று சொல்ல நாம் வரவில்லை. விலைவாசி விற்கிற விற்பில் அப்படிச் சொல்பவன் தொழிலாளியாக இருக்க முடியாது. ஆனால் கொடுக்கிறவர், வாங்குகிறவர் கூடைக்குள் எவ்வளவு தூரம் கைவிடலாம்? அதுதான் கேள்வி.

இதைப் பற்றி லயத்து வாசலில் நாம் பேசிக்கொண்டிருந்தபோது மூத்த சகோதரி ஒருவர் குறுக்கிட்டார். "தம்பி, பட்டியலை எடுக்கச் சொல்லி மனு கினு போட்டுடாதீங்க. ரொக்கமா வந்தா சம்சுவுக்குப் போயிடும். அட்டையில வந்தாத்தான் அரிசியா வீட்டுக்கு வருது" என்றார். அங்கிருந்த ஆண்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதே வாரம் ஒரு பெரியவர், ஆயுள் முழுதும் பால்மரம் வெட்டியவர், வேறு விதமாகச் சொன்னார். அரிசியோடு வெற்றிலை பாக்கும் வைத்தாராம். கல்லாவில் இருந்த பிள்ளை அதை எடுத்து ஒதுக்கி வைத்ததாம். "வெத்தலை போனா போகுது தம்பி. பின்னால வரிசையில நின்னவன் பார்த்தான் பாருங்க, அதுதான் மனசுல நிக்குது."

இருவர் சொன்னதும் உண்மை. இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையில் முழங்குவது சுலபம். நாம் அப்படிச் செய்யப்போவதில்லை.

முதலில் சகோதரியின் பக்கம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளக் கோரிக்கையோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டார்கள். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். தன் கூலி எந்த வழியில் போகக்கூடாது என்று தொழிலாளியே முடிவு செய்து போராடிய வரலாறு நமக்கு உண்டு. ஆகையால் மதுவும் புகையிலையும் உதவிப் பட்டியலில் இல்லை என்பதைப் பற்றி நமக்கு வழக்கில்லை. அமெரிக்காவின் உணவு உதவியிலும் அவ்விரண்டையும் வாங்க முடியாது. அங்கே அதோடு நிற்காமல், 2025 முதல் சில மாநிலங்கள் சோடா, மிட்டாய் முதலியவற்றையும் தடுக்க அனுமதி பெற்றிருக்கின்றன. பட்டியல் என்பது அப்படித்தான். ஒருமுறை போட்டால் நீண்டுகொண்டே போகும்.

நிற்க. பெரியவரின் பக்கத்தைத் தஞ்சோங் மாலிம்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1952 மார்ச் 25ஆம் நாள் இவ்வூர் அருகே நடந்த தாக்குதலில் 12 பேர் மாண்டனர். அடுத்த சில நாட்களில் டெம்ப்ளர் துரை நேரில் வந்தார். நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார். கடை திறக்க 2 மணி நேரந்தான். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். குற்றம் செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒரே தண்டனை, அதுவும் சோற்றுப் பானையில்! அவசரகாலத்தில் தகர டின்னை ஓட்டை போட்டுத்தான் விற்கவேண்டும். வெட்டுக்குப் போகிறவர் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது. பிற்பாடு சில இடங்களில் அரிசியே விற்காமல், பொதுவில் வடித்த சோற்றை விற்றார்கள். சோறு சீக்கிரம் ஊசிப்போகும், காட்டுக்குக் கடத்த முடியாது என்பது கணக்கு.

அன்றையது தண்டனை, இன்றையது உதவி. இரண்டையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஏழையின் அரிசியைக் கண்காணிக்கும் வழக்கம் இந்த மண்ணில் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசுவதும் சரியன்று. கிராணிமாராகிய எங்கள் வர்க்கத்தையும் விட்டுவிட வேண்டாம். அந்தக் காலத்தில் அரிசிக்கணக்கை எழுதிய பேனா யாருடையது?

நமக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு என்ன சொல்கிறது? கூலியை எங்கே, எவ்விதம், யாரிடம் செலவிட வேண்டுமென்று முதலாளி நிபந்தனை போட்டால், அந்த நிபந்தனை செல்லாது. 28ஆம் பிரிவு, மதுக்கடையிலும் சில்லறைக் கடையிலும் வைத்துக் கூலி கொடுப்பதைத் தடுக்கிறது. அக்கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு. சம்பளம் வாங்கும் கடையிலேயே அது கரைந்து போவதைப் பார்த்தவர்களுக்கு இப்பிரிவின் அருமை தெரியும்.

இச்சட்டம் கூலிக்குத்தான்; உதவிக்கு அன்று. அந்த வேலியைத்தான் நாம் காக்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. நாளைக்கே ஒரு நிர்வாகம், "சம்பள உயர்வு கஷ்டம், மாதம் ஐம்பது வெள்ளிக்குச் சாமான் அட்டை தருகிறோம்" என்று சொன்னால், அரசாங்கமே அப்படித்தானே கொடுக்கிறது என்று தலையாட்டி விடாதீர்கள். கூலி உழைத்தவனுடையது. அதற்குப் பட்டியல் கிடையாது.

உதவியைப் பொறுத்தவரை நம் கோரிக்கை சிறியது. மதுவும் புகையிலையும் இல்லாத பட்டியல் இருக்கட்டும். அதற்கு மேல் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வாங்குகிறவர்களையும் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். பதிவு பெறாத கடையில் அட்டை செல்லாது. உள்தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு மோட்டார் சைக்கிள் இல்லாத கிழவி எப்படி வருவாள்? வாடகைக் காருக்குக் கொடுத்தது போக நூறு வெள்ளியில் மிஞ்சுவது எவ்வளவு? தோட்டத்து ஒட்டுக்கடைக்கும் அந்தப் பொறி வரவேண்டும்.

இதை வெறும் வாய்ப்பேச்சாக மேலிடத்துக்கு அனுப்ப முடியாது. ஆகையால், இனி உதவிப் பணத்தில் சாமான் வாங்கினால் கடைச் சீட்டை எறிந்துவிடாதீர்கள். கல்லாவில் எதை எடுத்து ஒதுக்கினார்கள், போக வர என்ன செலவாயிற்று என்பதை அதன் பின்புறத்தில் எழுதுங்கள். எழுத வராதவர்கள் பிரட்டு முடிந்ததும் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அடுத்த கூட்டத்தில் அந்தச் சீட்டுகளை மேசைமேல் வைத்துக்கொண்டு மனுவை எழுதுவோம். அந்தச் சகோதரியும் பெரியவரும் இருவருமே வந்து உட்காரவேண்டும்.